மின்தூக்கி நிற்காத மாடி

இரவு இரண்டேகால்.
புவன விஸ்தாவில் கடைசி ரயில் போய் வெகுநேரம்.
ஆய்வுக்கூடத்தில் நான்,
குளிர்சாதனத்தின் இருமல்,
பதினான்கு நாள் எலிக்கருவின் மூளைச் சீவல் ஒன்று.
இரண்டு எள் அளவு இருக்கும்.
அதற்கு முப்பத்தேழு டிகிரி.
எனக்குப் பதினெட்டு,
ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்.

திரையில் ஒரு செல் ஏறுகிறது.
பச்சையாய் ஒளிரும்படி செய்திருக்கிறோம்.
முதலில் விரலை நீட்டும்,
தடவும், யோசிக்கும்,
பிறகுதான் உடம்பை இழுக்கும்.
மணிக்குப் பத்து மைக்ரான்.
வெளியே போய் ஒரு மைலோ குடித்துவிட்டு வந்தாலும்
அங்கேயேதான் இருக்கும்.

இந்தக் கட்டடத்தின் சட்டம் விசித்திரம்.
முதலில் வந்தவர்களுக்குக் கீழ்மாடி.
அடுத்து வருகிறவர்கள்
அவர்களை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல்
மேலே போய்க் குடியேற வேண்டும்.
அதற்கும் மேலே, நாளை பிறக்கப்போகிறவர்கள்.
கூரையடியில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்த சிலர்
‘இங்கே நில்’ என்று இடம் காட்டிவிட்டுச்
செத்துப்போவார்கள்.

எங்கள் புளோக்கில், மேம்பாட்டுக்கு முன்,
மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பதில்தான் நிற்கும்.
நாங்கள் ஏழு.
அரிசி மூட்டையோடு ஒன்பதிலிருந்து இறங்குவதா
ஐந்திலிருந்து ஏறுவதா என்று
அப்பாவும் சித்தப்பாவும்
மாதாமாதம் புதிதாய்ச் சண்டை பிடிப்பார்கள்.
இறங்குவதே மேல் என்பது என் கட்சி.

மூன்று மணிக்குச் செல் நின்றுவிட்டது.
மூன்று பத்து. அதே இடம்.
மூன்று இருபது.
பாதிவழியில் நின்றுபோன செல்களைப் பற்றிப் படித்திருக்கிறேன்.
மனிதக் குழந்தை என்றால்
பின்னாளில் வலிப்பு வரலாம்.
நான்கு மணிக்கு ஹஸ்லிண்டாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
செத்துவிட்டதா?
கைக்குழந்தைக்காரி, விழித்துத்தான் இருந்தாள்.
குவியம் பார்த்தாயா?

பார்த்தேன்.
நான்கு மைக்ரான் நழுவியிருந்தது.
ஒரு மணி நேரமாய் நான் கவலைப்பட்டது
ஒரு கம்பத்தின் புடைப்புக்காக.
செல் எப்போதோ மேலே போய்விட்டது.

கம்பம் மட்டும் நின்றது.
அடிக்குழியில் கால்,
கூரையில் கை,
நடுவில் மயிரிழையிலும் மெல்லிசான உடம்பு.
மூன்று வாரமாய் இந்தத் திரைமுன் உட்கார்ந்தும்
ஒரு படத்துக்குக்கூட அதன் பெயரை நான் வைக்கவில்லை.

அதுவும் செல்தான்.
உட்கரு அதற்குள் ஏறிப்போய்ப் பிரதி எடுத்துக்கொள்ளும்,
கீழே இறங்கி வந்துதான் இரண்டாகும்
(என் கட்சி).
ஏறிப்போனதைப் பெற்றதும் அதுவே.
பெற்றது, பெற்றதன் முதுகிலேயே தொற்றிப் போகும்.
‘தாய்’ என்று ஒருமுறை அறிக்கையில் எழுதினேன்.
டாக்டர் கோ சிவப்பில் அடித்து
‘முன்னோடிச் செல்’ என்று திருத்தினார்.
அப்போது கோபம் வந்தது. இப்போது சரியென்று படுகிறது.
தாய் என்றால் எல்லாரும் சட்டென்று ஒரு நன்றி சொல்லிவிட்டு
நகர்ந்துவிடுகிறார்கள்.

இதன் குலத்துக்கே பெயர் பசை.
கிரேக்கச் சொல் ஒன்றை எடுத்து யாரோ வைத்தது:
இடத்தை நிரப்பும், சும்மா ஒட்டிவைக்கும், அவ்வளவே என்று.
வைத்தவருக்குத் தமிழ் தெரியாது.
நம் ஊரில் பசையுள்ள ஆள் என்றால்
கையில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

பக்கத்துத் தட்டில்
பிறந்து பத்து நாளான இன்னொரு மூளை.
நரம்புச் செல்கள் ஏறி முடித்துவிட்டன.
தண்டு கூரையை விட்டாயிற்று, தரையையும் விட்டாயிற்று.
பசைச் செல்கள் சிலவற்றைப் பெற்றது,
பிறகு தானும் சுருங்கிக் கிளைத்து
நட்சத்திரமாய்,
ஏறியவர்களின் நடுவில் உட்கார்ந்துவிட்டது
ரத்தக்குழாய் மேல் ஒரு பாதம் வைத்து.
ஊட்டும். கழிவு அள்ளும்.
இரண்டு நரம்புகளின் சந்திப்பில் பேச்சு அதிகமானால்
மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஐந்து நாற்பது.
முதல் ரயில் மேம்பாலத்தில் இழைகிறது.
குவியத்தை மேலே நகர்த்தினேன்; செல் இருந்தது.
முந்தி வந்தவர்களின் இடுக்கில் தோளை நுழைத்துக்கொண்டிருந்தது.

கோப்பின் பெயரை அழித்துவிட்டு எழுதினேன்:
கதிர்த்தண்டு, ஒன்று.
குறிப்பு: அதன் மேல் ஏதோ ஏறுகிறது.