மாதிரி வெள்ளம்

கெடிலம் பாலத்தில் மாட்டிய கேமராவுக்கு
வெள்ளம் என்றால் என்னவென்று தெரியாது.
மூன்று வருஷமாய் அது பார்த்ததெல்லாம்
மணல், கருவேலம், ஒரு திட்டு ஆகாயத்தாமரை,
பிற்பகலில் இறங்கும் எருமைகள்.
கற்றுக்கொடுக்கப் படம் பத்தாது.
ஆகவே காலாப்பட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்து
வெள்ளம் தயாரிக்கிறேன்.

நல்ல படங்களில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் தூவி
ஒன்றுமே தெரியாமல் அடிக்க வேண்டும்.
பிறகு அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாய்
விலக்கப் பழக்க வேண்டும்.
பழகிவிட்டால்
எடுக்காத படத்தையும் மீட்டுத் தரும்.
வெறும் கல்லை முறத்தில் கொட்டி
பொறுக்கிப் பொறுக்கி எறிய
கடைசியில் அரிசி மிஞ்சுவதுபோல.
ஐம்பது படி. நாலு விநாடி.

புதுப்பாளையம், தெரு, இடுப்பளவு தண்ணீர்
என்று தட்டினேன்.
தந்தது.
அத்தனை அழகான தண்ணீர்,
வானம் அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.
செருப்பு மிதக்கவில்லை.
டீசல் படலம் இல்லை.
கடைப் பலகைகளில் எழுத்து மாதிரி ஏதோ:
ழகரத்துக்குக் கொக்கி ஒன்று கூட,
ககரத்தின் வயிற்றில் இன்னொரு ககரம்.
இருநூற்று நாற்பத்தேழில் சேராத எழுத்தில்
ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது.
அங்கே போய் நான் என்ன கேட்பேன்?

அந்த வாரம் ஆறாயிரம் வெள்ளம் செய்தேன்.
ஒன்றிலும் யாரும் நனையவில்லை.

எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குப் படம் இல்லை.
ராத்திரி ரெண்டு மணி. மின்சாரம் எப்போதோ போயிருந்தது.
பரணில் நாலு பேர்,
அப்பாவின் போனில் நாலு சதவீதம்.
அதை டார்ச்சுக்குக்கூடத் தர மாட்டேன் என்றார்,
தாலுகா ஆபீஸ் நம்பருக்கு வைத்திருந்தார்.
தண்ணீர் எதுவரை என்று பார்க்க
துடைப்பத்தை இறக்கி இறக்கித் தூக்கினோம்.
ஈரம் ஏறிய இடத்தை இருட்டில்
விரலால் தடவிச் சொன்னாள் தங்கை பவானந்தி:
இன்னும் ரெண்டு விரல்.
இன்னும் ஒரு விரல்.

கரையில் நிற்பவர்தான் படம் எடுக்கிறார்.
எந்திரம் படித்ததெல்லாம்
கரையில் நின்றவர்களின் வெள்ளம்.

சனிக்கிழமை அதனிடம் கேட்டேன்:
கெடிலம், இரவு, பெருவெள்ளம், மின்சாரம் இல்லை.
ஐம்பது படி. நாலு விநாடி.
கறுப்பு.
மூலைக்கு மூலை கறுப்பு.
பழுதுப் படம், தூக்கிப் போடு என்றார் மெர்லின் மேடம்.
நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வலது ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு
மற்ற கறுப்பைவிட ஏறியிருந்தது.
எனக்கு அப்படித் தோன்றியது.
‘வெள்ளம்’ என்று பெயரிட்டுச் சேர்த்தேன்.
அதே வாக்கியத்தில் இன்னும் இருநூறு.

செவ்வாய் இரவு முழுக்க எச்சரிக்கை மணி.
ஐப்பசிகூடப் பிறக்கவில்லை.
விடிய ஐந்துக்கு
பம்ப் ஹவுஸ் இருதயசாமி கூப்பிட்டார்:
“என்னம்மா உங்க மிஷினு,
வெள்ளம் வெள்ளம்னு உயிர எடுக்குது.
பாலத்து லைட்டு போச்சு, அவ்ளோதான்.
எறங்கிப் போய்ப் பாத்துட்டேன்.
மணல்ல நாய் ஒண்ணு படுத்திருக்கு.”

மன்னிப்புக் கேட்டேன்.
கறுப்பையெல்லாம் தேர்ந்தெடுத்தேன்.
நீக்கவா என்றது திரை.
இருநூறை நீக்கினேன்.
முதல் படம் தனியே இருக்கிறது,
பெயர்க் கட்டத்தில் குறுக்குக்கோடு
எரிந்து அணைந்து எரிகிறது.
இன்னும் ஒன்றும் தட்டவில்லை.

வெயில் வந்திருக்கும் இந்நேரம்,
நாய் எழுந்து போயிருக்கும்.