உமி

பொங்கலுக்குத் தங்கை வீட்டார் வந்தபோது வாங்கிய
இரண்டு லிட்டர் ஆரஞ்சு பாட்டில்.
உள்ளே இன்னும் இனிப்பு மணக்கிறது என்று
மூன்றாம் முறையும் கழுவிக் கவிழ்த்தாள் எழினி.
பிறகு என்னைப் பார்த்தாள்.
“அப்பா, நீங்களும்.”

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கை.
சோப்பு பாதியாகத் தேய்ந்தாலும்
நகக்கண்ணில் ஒரு நெடி தங்கிவிடும்.
முகர்ந்தாள். யோசித்தாள்.
“நீங்க பாட்டிலைப் பிடிச்சுக்குங்க.
தினையைத் தொட வேண்டாம்.”
சரி என்றேன்.
சூப்பர்வைசரிடம்கூட
இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

ஓட்டை போடக் கம்பி வேண்டும்.
ஷபீக் அவன் அத்தாவின் பஞ்சர் கடையிலிருந்து
ஒன்றைக் கேட்டும் கேட்காமலும் எடுத்து வந்தான்.
அடுப்பில் பழுக்கக் காய்ச்சி நான் குத்த,
பிள்ளைகள் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு
“இன்னும் கீழே, இன்னும் கீழே” என்றார்கள்.
முதல் ஓட்டை கோணல்.
எதிர்ப்பக்க ஓட்டை, முதலாவதோடு
பேச்சுவார்த்தை இல்லாதது போல.

குறுக்கே செருக
வீட்டில் இருந்தது ஒரே ஒரு மரக்கரண்டி.
அன்று மாலை முழுக்க அதைத் தேடினாள் இவர்கள் அம்மா.
கட்டிலுக்கடியில் குனிந்து
ரூபனும் தேடினான், மிகுந்த அக்கறையோடு.
மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள்
அடுத்த தளத்துக்கென்று வீட்டுக்காரர் விட்டுவைத்த
துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே
தன் கரண்டி அந்தரத்தில் ஆடுவதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வாரம் உப்புமாவைத்
தோசைத்திருப்பியால் கிண்டினாள்,
சத்தமாக.

முதலில் வந்தது எறும்பு.
பிறகு ஒரு காக்கை.
சுற்றிவந்து பார்த்துவிட்டு
இந்தப் பொடிசுக்கா இத்தனை ஏற்பாடு என்பதுபோல்
துறைமுகப் பக்கம் போய்விட்டது.
அங்கே மீன் இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது?
பிறகு உப்பங்கழிக் காற்று வந்து
பாட்டிலைச் சுற்றிச் சுற்றி விட்டது.

ரூபன் காலண்டர் தாளின் பின்பக்கம்
வருகைப் பதிவேடு போட்டிருந்தான்.
“இன்று யரும் வரவில்லை.”
“இன்று யரும் வரவில்லை.”
துணைக்கால் விட்டுப்போன அந்த யரும்
பத்து நாளும் வரவில்லை.

பதினோராம் நாள் காலை பதினொரு மணி.
பிள்ளைகள் பள்ளியில். கரண்ட் இல்லை.
வியர்வையில் தூக்கம் கலைந்து
லுங்கியோடு மாடியேறினேன்.

இரண்டு சில்லைகள்.
ஒன்று கரண்டிக் காம்பில்,
ஒன்று குழிவில், பாதி உடம்பு தினைக்குள்.
மார்பெல்லாம் மீன்செதில் கோலம்.
அலகு ஓயாமல் அசைந்தது,
சின்ன வாயில் பெரிய வெற்றிலை போட்டதுபோல.
போன் கீழே.
நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
எதற்கென்று தெரியவில்லை,
கைகளிரண்டையும் முதுகுக்குப் பின்னே
மறைத்துக்கொண்டேன்.

மாலையில் சொன்னேன்.
“போட்டோ?” என்றாள் எழினி.
இல்லை.
“நைட்ஷிப்ட்காரங்களுக்குப் பகல்ல கனவு வரும்,”
என்றான் ஷபீக், வருத்தமாகத்தான்.
என் சொந்த வீட்டில்
எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

ரூபன் மட்டும் மாடிக்குப் போனான்.
மூடிய கையோடு இறங்கி வந்தான்.
திறந்தால், உமி.
இரண்டாய்ப் பிளந்த, மஞ்சள் மினுக்கும்,
உள்ளே ஒன்றுமில்லாத தினையுமி.
எழினி ஒன்றை நகத்தில் ஏற்றி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
ஷபீக் தொண்டையைச் செருமினான்.
“எறும்பு உரிக்காது.
இழுத்துக்கிட்டுத்தான் போகும்.”
காற்றும் உரிக்காது என்றாள் அவள்,
கொஞ்சம் கழித்து.

நெடுநேரம் விவாதம்.
பார்க்காததைப் பதிவேட்டில் எழுதலாமா?
உமியைத் தீப்பெட்டியில் போட்டு
தேதி ஒட்டினார்கள்.
ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது
ரூபன் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“இன்று வந்தது.
யர் என்று அப்பாவுக்குத் தெரியும்.”