நாற்பது நொடி வெற்றிடம்

விண்வெளியில் சத்தம் கிடையாது.
கிடையாததைக் கேட்கவைப்பது எப்படி என்பதுதான்
எனக்கும் பெல்ஷியாவுக்கும் முதல் சண்டை.

ஆரல்வாய்மொழியில் வாடகைக்கு ஓர் அறை.
ஆனி மாதக் காற்று கதவிடுக்கில் நுழைந்து
கதாநாயகிக்கு முன்னால் வசனம் பேசும்.
மெத்தை, கம்பளி, அவள் கல்யாணப் பட்டு,
எல்லாம் சுவரில் ஆணியடித்துப் பார்த்தோம்.
கடைசியில் காற்றையே வேலைக்கு எடுத்துக்கொண்டோம்:
முப்பந்தலில் ஒரு காற்றாலைக்குக் கீழே
மைக்கைப் பாதி மண்ணில் புதைத்துப் பிடித்த உறுமல்
எங்கள் கப்பலின் எஞ்சின்.

வேற்றுக்கிரகத்துப் பிராணி தோலுரிப்பது
குலசேகரத்தில் ஈரம் காயாத ரப்பர் ஷீட்டை
இழுத்துப் பிரித்தது.
அதன் முட்டை, மார்த்தாண்டம் சந்தையில் பேரம் பேசி வாங்கிய
அயனிச்சக்கை.
மீதியைத் தின்றுவிட்டோம்.
கேட்கிறவன் கண்ணை மூடினால்
நமக்குக் கோடி ரூபாய் மிச்சம் என்பாள் பெல்ஷியா.

கேப்டன் குரல் கிளீட்டஸ் அண்ணன்.
குளச்சலில் மீன் ஏலம் கூறுகிறவர்.
"ஆக்சிஜன் பன்னிரண்டு சதவீதம்" என்றார்.
யாராவது பதின்மூன்று கேட்பார்கள் போலிருந்தது.
ஏழு தடவை எடுத்தோம்.
எட்டாவதில், தொண்டை களைத்துத் தணிந்தபோது,
கப்பல் முதல்முறையாகத் தரையைவிட்டு எழும்பியது.

மௌனம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.
பேச்சிப்பாறையில் நள்ளிரவிலும் தவளை.
சிதறாலில் பாறைமேல் யாரோ ரிங்டோன் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவழியாக ஓர் ஐஸ் பிளான்ட் மேலாளர்
எனக்காக கம்ப்ரசரை நிறுத்தினார்.
"நாப்பது செகண்டு. அதுக்கு மேல போனா
ஒனக்க கதைக்கி என் சரக்கு உருகும்."

இருட்டில், கட்டிகளுக்குள் விரிசல் ஓடும் நுண்ணிய டிக்.
என் காதில் என் ரத்தம்.
அவ்வளவுதான் விண்வெளி.

அதை ஏழாம் பாகத்தின் முடிவில் வைத்தேன்.
சிக்னல் அறுகிறது. நாற்பது நொடி.
பிறகு இசைகூட இல்லை.
பெல்ஷியா அழுதாள்.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஒரு குரல் பதிவு.
தூத்தூர் பக்கத்துப் பேச்சு,
பின்னால் குக்கர் விசில்.

"மக்களே, கடைசி வர கேட்டேன்.
கப்பலத் திருப்பிக் கொண்டு வரணும்னு சொல்லல்ல.
போனது போனதுதான், எனக்குத் தெரியும்.
தேடப் போனாவளா இல்லியா,
அத மட்டும் சொல்லு."

பழக்கதோஷம், அதை எடிட்டிங் திரையில் போட்டுப் பார்த்தேன்.
"தெரியும்" என்ற சொல்லுக்குப் பின்
கோடு தட்டையாகக் கிடக்கிறது, மூன்று நொடி.
குக்கரும் அங்கே வாய் திறக்கவில்லை.
ஐஸ் பிளான்டில் நான் எடுத்தது
அதற்குப் பக்கத்தில் வெறும் குளிர்.

எட்டாம் பாகத்துக்கு எழுதி வைத்திருந்தது
இரண்டு சூரியன் உதிக்கும் ஒரு கிரகம்.
நல்ல கிரகம்தான். ஓரமாக வைத்தோம்.

கிளீட்டஸ் அண்ணனை மறுபடி கூப்பிட்டோம்.
இப்போது கேப்டன் இல்லை அவர்,
தேடப் போகும் சின்னக் கலத்தின் ரேடியோக்காரர்.
"என்ன பேசணும்?"
"காணாமப் போனவங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.
பதில் வராது.
ஆனா வரும்னு நெனச்சு
எடம் விட்டுக் கூப்பிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் தாள்மேல் வைத்தார்.

வசனத்தில் ஒன்பது பேர்.
அவர் பதினொரு பெயர் கூப்பிட்டார்.

வெளியே காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.
பெல்ஷியா என்னைப் பார்த்தாள்.
நான் நிறுத்தும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு பெயருக்கும் பிறகு இடம் விட்டார்.
நாலு நொடி, ஐந்து நொடி.
பதினோராவது பெயருக்குப் பின் விட்டது எவ்வளவு என்று
நான் அளக்கவில்லை.