வெற்றுக் குழாய்

ஐந்து குழாய்கள். என் சுண்டுவிரல் நீளம்.
உள்ளே கரித்தூள். கண்ணுக்குப் படாமல்
காற்றில் போகிறவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒன்று, கல்முனை பெற்றோல் செட்டில்,
விலைப்பலகையின் முதுகில் கட்டினேன்.
இன்னொன்று சம்மாந்துறை வட்டையில்,
வெட்டுமெசின் போன மறுநாள்
வைக்கோலுக்கு நெருப்பு வைத்த வரம்போரம்.
யானை வந்துபோகிற குப்பைமேட்டில் மூன்றாவது.
நாலாவதை யூக்கலிப்டஸ் கிளையில் தொங்கவிட்டேன்:
மரமும் விடும் என்றா மேடம்,
வெயில் ஏற ஏற இலை ஐசோப்பிரீன் விடும்,
வாகனப் புகையோடு அது வெயிலில் வெந்தால்
நிலத்தடியிலேயே ஓசோன், நெஞ்சைக் கீறும்.

ஐந்தாவதைத் திறப்பதேயில்லை. வெற்றுக் குழாய்.
எல்லா இடமும் கூடவரும்,
எதையும் அறியக்கூடாது.

எனக்கும் அதே உத்தியோகம்தான்.
அந்த வருஷக் காய்ச்சலோடு போன மணம்
திரும்பி வரவேயில்லை.
வட்டைக்குள் நிற்கையில்
கண் எரிவதை வைத்துத்தான் புகை என்பேன்.

நுஸ்கி வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்.
கலியாணம் முடித்த புதிதில்
"தின்னர் மணக்குது, குளிச்சிட்டு வாங்க" என்று
வாசலிலேயே கை நீட்டி மறிப்பேன்.
பிறகு மறிக்க ஒரு காரணமும் இல்லை.
சேட்டைக் கழற்றிக்
கதவுக்குப் பின்னால் ஆணியில் போடுவார்.
என் பையும் அதே ஆணியில்.

பேராதனையிலிருந்து மேடம் கோல் எடுத்தா.
"ஷாமிலா, அஞ்சாவதை என்ன செய்தீர்?
பெற்றோல் செட்டைவிடக் கூட, தொலுயீன்.
மூடி இளகியிருக்கும். நான் அதை நீக்கிவிடுறன்."
சரி மேடம் என்றேன்.

அனுப்பியிருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தட்டையாக ஓடிவந்த கோடு
பதினோராம் நிமிசத்தில் எழும்பி நிற்கிறது,
கதவடியில் சப்பாத்துக் கழற்ற வந்த ஆள் மாதிரி.
பின்னாலேயே குட்டையாக எத்தில் பென்சீன், சைலீன்.
இத்தனை காலத்துக்குப் பிறகு
அவருடைய வாசம்,
கடதாசியில் கறுப்பு மையில்.

சிரித்தேன். பிறகு
சுபஹுக்கு எழும்பும்போது அவர் இருமுவது,
"தூசி" என்பது,
சைக்கிள் கேட்டதும் மகன் ஓடிப்போய்
அந்தச் சேட்டுக்குள் முகம் புதைப்பது.

இரவு வந்தார்.
வாசலில் கை நீட்டி மறித்தேன்.
"மணக்குதா புள்ள?" கண் விரிந்துபோய் நின்றார்.
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
சேட்டை வாங்கி
வெளியே கொடியில் போட்டேன்.

வட்டைப் பக்கம்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.