பெயர் மாற்றம்

வெள்ளிக்கிழமை பத்தொன்பது காடிகளுக்குப் பெயர் மாற்றினேன்.
ஜெலுத்தோங்கில் பழைய காடிக் கடை,
என் வேலையே அதுதான்.
சாம்பல் நிற மைவி
ஓர் ஆசிரியையிடமிருந்து மீன் வியாபாரிக்கு.
முன்பக்கம் நசுங்கிய சாகா
அண்ணனிடமிருந்து தம்பிக்கு,
இருவரும் ஒரு வார்த்தை பேசாமல்.
பெருவிரலை வை, கண்ணாடியைத் துடை, மறுபடி வை.
பச்சை விளக்கு.
ஒரு பொருள் கைமாறிவிட்டது.

அன்றிரவு பதினொன்றுக்கு
என் திரையில் முப்பத்தாறு காடிகள்.
ஒன்றுகூட நகராது.

ஓடும். இருநூற்றுத் தொண்ணூறில் ஓடும்.
என்னிடமிருந்து இன்னொருவரிடம் போகத்தான்
நகராது.

வாரத்துக்கு மூன்றே பரிமாற்றம்.
திங்கள் காலை எட்டுக்குக் கணக்கு புதிதாகும்.
விலைக்கு உச்சவரம்பு.
பருவப் போட்டியில் வென்றதைத் தரவே கூடாது.
'உங்கள் கணக்கோடு பிணைக்கப்பட்டது'
என்று ஒரு பூட்டுப் படம்,
தங்க நிறத்தில், என்னவோ பரிசு மாதிரி.

அந்தப் பூட்டுக்குக் கீழே
என் மஞ்சள் அறுபத்தேழு.
பக்கத்தில் இன்னொரு மஞ்சள் அறுபத்தேழு.
அதே வட்ட விளக்கு, அதே கதவு,
எண்பலகைகூட அதே.
ஒன்று, தீபாவளி விடுமுறையில்
மூன்று இரவு கண்விழித்து வென்றது.
மற்றது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

சுங்கை பட்டாணியில் ஒருவன், பெயர் பேய்வேகம்.
அந்த வரிசையில் பதினொன்று வைத்திருக்கிறான்.
பன்னிரண்டாவது
என்னிடம் இரண்டாக நிற்கிறது.
முதலாம் ஆண்டுப் பிள்ளை போடுகிற கணக்கு.

மோசடியைத் தடுக்கவாம்.
எனக்கா தெரியாது மோசடி?
மீட்டரைப் பின்னுக்குச் சுழற்றிய காடி,
வெள்ளத்தில் மூழ்கி எழுந்து
மல்லிகை வாசனை அடித்துக்கொண்டு வந்த காடி.
அதற்காகக் கடையையா மூடினோம்?
மூக்கைக் கொண்டுபோய்
இருக்கையில் வைத்து முகர்ந்தோம்.

உதவி மையத்துக்கு எழுதினேன்.
'உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம்.'
நாலு நொடியில் பதில்.
நாலு நொடியில் யார் உட்கார்ந்து மதித்தது?

இன்று ஞாயிறு. அவனே வந்துவிட்டான்.
மோட்டார்சைக்கிளில் பட்டர்வொர்த் வரை,
பிறகு ஃபெரி.
காடியை இப்போது அதிலும் ஏற்றுவதில்லை.
கையில் பிசாங் கோரெங் பொட்டலம்.
'மஞ்சள் முதலை?' என்றான் வாசலில்.
'ரூபவதி' என்றேன்.
'லோகேந்திரன்.'
ஐந்து வருடமாக ஒருவரையொருவர்
வளைவுகளில் இடித்துத் தள்ளியவர்கள்,
செருப்பைக் கழற்றுகிற இடத்தில்
என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றோம்.

கன்ட்ரோலரைக் கொடுத்தேன்.
எஞ்சினை உறுமவிட்டான்.
ரொம்ப நேரம் ஓட்டவே இல்லை,
கேமராவைத் திருப்பித் திருப்பிப்
பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஓட்டியபோது
முதல் வளைவிலேயே சுவரில் அடித்தான்.
'சாரி' என்றான்,
என்னிடம் இல்லை, அதனிடம்.
'பரவாயில்லை, இன்னொன்று இருக்கு.'
சிரித்தோம்.
அவன் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டான்.

ஆறு மணி ஃபெரிக்குப் போய்விட்டான்.
'இதுதானே அந்தப் பூட்டு' என்று
அவன் தொட்டுக் காட்டிய இடத்தில்,
திரையின்மேல்,
வாழைப்பழ எண்ணெயில் ஒரு பெருவிரல் ரேகை.
ஒவ்வொரு கோடும் தெளிவு.
எங்கள் கவுண்டரில்கூட
இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

பச்சை விளக்கு எரியவில்லை.

நாளை எட்டு மணிக்கு மூன்று வாய்ப்பு வரும்.
எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும்.