பயிற்சிக் கட்டு

சிகாமட் ஆஸ்பத்திரி, எலும்புப் பிரிவு, புதன்கிழமை.
ஐந்து மாணவர்கள், ஒரு வாளித் தண்ணீர்,
மாவுக்கட்டுச் சுருள்.
உடையாத கை ஒன்று வேண்டும் என்றேன்.
சுராயா வலது கையை நீட்டினாள்.

சுற்றி முடிக்குமுன்,
"சூடாகுது டாக்டர்."
ஆகும். இறுகும்போது அப்படித்தான்.
ஆறிய பிறகும் வலி ஏறினால்
யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே, பிளந்துவிடு.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்,
அவளைத் தவிர.

நான்கு மணிவரை கழற்றக்கூடாது என்றேன்
பாதி விளையாட்டாக.

சாப்பிட்டு வந்தவளின் கட்டில் சம்பல் கறை.
துடோங் ஊசியை சூ லின் குத்திவிட்டிருந்தாள்,
கோணலாக.

ஏழாம் கட்டிலில் சன்னாசி.
செம்பனைக் குலை விழுந்து
முன்கையின் இரண்டு எலும்பும் போனவர்.
நாடி, நிறம், விரல் அசைவு:
வரிசை தவறாமல் பார்த்தாள். மதிப்பெண் போட்டேன்.
பிறகு என் தாளில் இல்லாத ஒன்றை
மலாயில் கேட்டாள்:
"பாச்சிக், கைலி யார் கட்டிவிடுறது?"

பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.
காலில் எடை தொங்கப் படுத்திருந்த வங்காளதேச பாய்
கையை உயர்த்தினார்.
"நான் போய் ஓரமா நிப்பேன்.
இரும்பு மாதிரி முடிச்சுப் போடுவாரு."
வார்டே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் என்னிடம் மட்டும், தமிழில்:
"ராத்திரி அவசரத்துக்கு
அவுக்கத்தான் முடியல, டாக்டர்."

பத்தொன்பது வருடம்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
சேரும், சேரும் என்று சொல்லி வந்தவள் நான்.
சேரவும் செய்யும்.

சுராயா என் முகத்தைப் பார்த்தாள்.
மொழிபெயர்த்தேன்,
அவர் சொன்னதைவிட மெதுவாக.

தர்வின் போனை எடுத்து
ரப்பர் வைத்த கால்சட்டை
பசாரில் என்ன விலை என்று தேடினான்.
நான்கு மணி அடித்து
வெகுநேரம் ஆகியிருந்தது.