கழற்றுகிற இடம்

பூசானில் பனி விழுவதில்லை.
விழுந்தாலும் மதியத்துக்குள் மனசு மாறி
மழையாகிவிடும்.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான்
மலையேறிகளுக்கு முள் செய்கிறேன்.
ஷூவின் மேல் இழுத்து மாட்டுகிற ரப்பர்,
அடியில் சங்கிலி, சங்கிலியில் பற்கள்.

என் பரிசோதனைக்கூடம்
காம்சோன் துறைமுகத்து மீன் கிடங்கின் மூன்றாம் அறை.
மைனஸ் இருபத்திரண்டு.
கிடங்குக்காரர் மா தோக்பே வாடகை கேட்பதில்லை,
தரையில் கீறல் விழுந்தால் மட்டும் கத்துவார்.
கீறல் விழத்தானே ஐயா
நான் இரண்டு வருடமாய்த் தூங்காமல் இருக்கிறேன்.

ராத்திரி வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி
உறையவிட்டுப் போவேன்.
காலையில் அதன்மேல் நடப்பேன்,
திரும்புவேன், வேண்டுமென்றே தடுமாறுவேன்.
அட்டைப்பெட்டிகளில் கானாங்கெளுத்திகள்
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.
காலே இல்லாதவர்களின் கருணை
அந்தக் கண்களில் தெரியும்.

யானைக்கும் அடி சறுக்கும். இருக்கட்டும்,
யானைக்கு நான் அளவெடுக்கவில்லை.
இருநூற்று முப்பது மில்லிமீட்டரிலிருந்து
இருநூற்றுத் தொண்ணூறு வரைதான் என் உலகம்.
அந்த அறுபது மில்லிக்குள்
எத்தனை விதமான குதிகால்!

முதல் ரப்பர் குளிரில் பிஸ்கட்டானது.
நாலாவது துளையில் பட்டென்று அறுந்து
என் தாடையில் அடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.
அப்புறம் பல்லை நீளமாக்கினேன்,
பனியில் சிங்கம்,
பாறையில் குதிகால் செருப்பு போட்ட மாப்பிள்ளைத் தோழி.
பல்லைக் குறைத்தால் ஈரப்பனி நடுவில் அப்பி
அடிக்கு அடி ஒரு கொழுக்கட்டை.
ஒரு தகடு வைத்தேன், உதிர்ந்தது.
அன்று வெறும் நூடுல்ஸை
விருந்து மாதிரி சாப்பிட்டேன்.

ஏழாவது மாதிரியைத்தான்
பியோ இன்சுக்கிடம் கொடுத்தேன்.
குளிர்காலத்தில் மலையில் ஓடுகிறவள்.
தோக்யூசான் முகட்டைச் சுற்றி வந்து
ஒரே வரியில் சொன்னாள்:
"பிடிக்கிறது. ஆனால் விடமாட்டேன் என்கிறது."

புரியாமல், மறுவாரம் நானும் போனேன்.
மேலே மலைக்குடில். வாசலில் பலகை:
முள்ளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.
கருங்கல் படியில் என் இரும்பு
பனிக்கட்டியை விட மோசமாக வழுக்கியது.
அவள் ஓரமாய் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.
வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.
பழைய பந்தயம், பழைய இரவு,
அவள் விவரிக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.
ரப்பரை நெம்புகிறாள், நழுவுகிறது,
நெம்புகிறாள்.
உள்ளே யாரோ சூப் ஊற்றும் சத்தம்.
உதவிக்குக் குனிந்த என்னைப் பார்த்த பார்வையில்
கை தானாகப் பின்னால் போனது.
ஆறு நிமிடம். எண்ணினேன்.

இரண்டு வருடமும் நான் யோசித்தது
மாட்டுகிறவனைப் பற்றி.
மீன்களுக்கு முன்னால்
ஒருநாளாவது
கையுறையோடு கழற்றிப் பார்த்தேனா?

எட்டாவது மாதிரியில்
குதிகாலுக்குப் பின்னால் ஒரு வளையம்.
கட்டைவிரலை நுழைத்து இழுத்தால் போதும்,
விரலே வேண்டாம், கம்பின் முனை போதும்.
எடை நான்கு கிராம் கூடியது.
விற்பனைக்காரர் பாங் முகம் சுளித்தார்,
விளம்பரத்தில் எடைதான் முதலில் வருமாம்.
வரட்டும், நான்கு கிராமோடு வரட்டும்.

இன்சுக் சொன்னது: "சிவப்பில் செய்.
பனியில் விழுந்தால் தேட வேண்டாம்."
பாராட்டு அவ்வளவுதான்.

நேற்று காலை மா தோக்பே கத்தத் தொடங்கினார்,
தரை, கீறல், வழக்கமான பல்லவி.
குனிந்து பார்த்தேன்.
இது இரண்டாம் அறை,
நான் கால் வைத்ததே இல்லாத அறை.
கதவிலிருந்து கணவாய்ப் பெட்டி வரைக்கும்
சீராகப் போய்த் திரும்பியிருந்தன பற்கள்,
ஓரிடத்தில் கூடச் சறுக்காமல்.
இருநூற்று எழுபது.
என் அலமாரியில் காணாமல்போன
ஆறாவது மாதிரி.

நான் அவர் காலைப் பார்த்தேன்.
அவர் கூரையைப் பார்த்தார்.

"கழற்றத்தான் கொஞ்சம் கஷ்டம்," என்றார்.